மிடுக்கும் ஏலாமையும்: தமிழ்ச் செய்யுளில் வெயிலும் முதுமையும்

மஹாகவியின் ‘மீண்டும் தொடங்கும் மிடுக்கு’ கவிதையை எத்தனை தரம் வகுப்பில் படிப்பித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. மழை காணாத கல்நிலம். ஏர் இறங்காது, மாடு இழுக்காது. அந்தப் பாறையைப் பிளந்து, தண்ணீருக்காக ஆழத் தோண்டி, பயிரை ஆளாக்குகிறான் ஓர் உழவன். விளைந்து நிற்கிற நேரத்தில் மழை வெள்ளமாக வந்து அவ்வளவையும் அழித்துவிட்டுப் போகிறது. அவன் தலையில் கைவைத்து உட்காரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறான். ஈழத்துத் தமிழ்க் கவிதையில் உழைப்பின் மரியாதையை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன கவிதைகள் குறைவு. இதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்துக் கிடையாது.

சில வருடங்களுக்கு முன் இந்தக் கவிதையை நடத்திக்கொண்டிருந்தபோது பின்வரிசைப் பையன் ஒருவன் எழும்பிக் கேட்டான்: “சேர், அந்த ஆளுக்கு என்ன வயசு?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். “கவிதையில இல்லாதத ஏன் கேக்கிறாய்?” என்றேன். அவன் உட்காரவில்லை. விடுமுறைக்குத் தன் மூத்தாப்பாவோடு றோட்டில் நெல் காயப்போடப் போகிறவன் அவன். “எங்கட மூத்தாப்பாவும் தொடங்குவாரு சேர். முடிக்கத்தான் ஏலாம கிடக்கு” என்றான்.

மணி அடித்தது, பாடம் முடிந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. தமிழ்ச் சிறப்புப் பட்டம் பெற்றவன், இருபது வருடமாக இலக்கியம் படிப்பிக்கிறவன், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. இக்கட்டுரை அந்தப் பதிலுக்கான முயற்சி. நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் செய்யுள் மரபு வெயிலைப் பாடியிருக்கிறது, முதுமையைப் பாடியிருக்கிறது, உழைப்பையும் பாடியிருக்கிறது. வெயிலில் உழைத்துக்கொண்டே முதுமையடையும் ஓர் உடலைத்தான், என் வாசிப்புக்கு எட்டிய வரையில், அது நின்று பார்க்கவில்லை.

எந்த வெயிலைப் பற்றிக் கதைக்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். கிழக்கிலே ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமற்ற காற்றாக மலை தாண்டி எங்கட பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறுகிறது. பகலில் வெப்பம் 35 பாகையைத் தொடும், சில நாட்களில் தாண்டும். அங்கே மலையில் குளிரக் குளிர மழை பெய்கிற அதே நாட்களில் இங்கே வயல் வரம்பு வெடிக்கும்.

அந்த நாட்களில்தான் சிறுபோக வேளாண்மை விளைந்து வெட்டுக்கு வரும். ஒரு காலத்தில் இப்பகுதி பெரும்பாலும் மாரி மழையை நம்பிய பூமி. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் இங்கினியாகலை அணைக்கட்டும் கோடையிலும் தண்ணீரைக் கொண்டுவந்தன. சிறுபோகம் விரிந்தது, ஊர் செழித்தது. அந்தத் தண்ணீர் வந்த வழியே வேலையும் கோடைக்குள் வந்து சேர்ந்தது. வருடத்தின் ஆகக் கடுமையான வெயிலும் ஆகக் கடுமையான உடலுழைப்பும் ஒரே மாதங்களில் சந்தித்துக்கொள்ளும் நிலை இப்படித்தான் பரவலானது.

இப்போது தொல்காப்பியத்திடம் போவோம். திணைகளுக்குப் பொழுது வகுக்கும்போது மருதத்துக்கு வைகறையையும் விடியலையும் தந்தார் தொல்காப்பியர். வேனிலையும் நண்பகலையும் பாலைக்குத் தந்தார். பரீட்சைக்காக இதை மனனம் செய்த காலத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வயற்காரன் ஒருவனின் மகனாக இருந்தும் தோன்றவில்லை. இப்போது யோசித்தால், வயலுக்கு உரிய பொழுது விடியற்காலையோடு முடிந்துபோகிறது. நண்பகல், வயலும் ஊருமில்லாத சுரத்துக்குப் போய்விடுகிறது. வரம்பிலே உச்சிவெயிலில் குனிந்து நிற்கிறவன் எந்தத் திணையில் நிற்கிறான்? மருதத்துக்கு அகப்பொருளில் உரிப்பொருள் ஊடல். தலைவன் பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் நேரம் விடியல் என்பதால் அந்தப் பொழுது அங்கே பொருந்துகிறது என்று உரைவழி விளக்குவதுண்டு. அதாவது, அந்தப் பொழுது நிலத்தின் சொந்தக்காரனுடைய வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டது. நிலத்தில் வேலை செய்தவனின் வாழ்க்கையிலிருந்து எடுத்திருந்தால் மருதத்துக்கும் ஒரு நண்பகல் கிடைத்திருக்கும்.

பாலைப் பாட்டுகளில் வெயில் அற்புதமாக வருகிறது. யானை வாடும், மரம் நிழல் இழக்கும், நீர் வற்றும். ஆனால் அந்த வெயிலில் நடப்பவன் பொருள்தேடப் பிரியும் இளைஞன். அவனுடைய கால்களைப் பற்றி நமக்குக் கவலை வருவதில்லை. வீட்டில் இருக்கிறவளின் மனதைப் பற்றித்தான் பாட்டு. வெயில் அங்கே பிரிவின் அளவுகோல்.

புறநானூற்றில் நிலைமை கொஞ்சம் வேறு. 24ஆம் பாடலில், மாங்குடி கிழார் நெல்லரியும் தொழிலாளரைக் காட்டுகிறார். வெயில் தாங்காமல் அவர்கள் ஓடிப்போய்க் கடல் அலையில் பாய்கிறார்கள். கல்முனையிலோ நிந்தவூரிலோ அக்கரைப்பற்றிலோ பிறந்த எவருக்கும் இந்தப் பாடல் சொந்தப் பாடல் மாதிரி இருக்கும். மேற்கே வயல், கிழக்கே கடல், நடுவிலே ஊர். வேளாண்மை வெட்டிய உடம்பு கடலைக் கண்டால் என்ன செய்யும் என்று புலவருக்குத் தெரிந்திருக்கிறது. வெயில் தொழிலாளியின் தோலில் படுவதை ஒப்புக்கொண்ட மிகப் பழைய தமிழ்ச் சாட்சியங்களில் இது ஒன்று. ஆனால் கவனியுங்கள், பாடல் நெடுஞ்செழியனுக்குரியது. அந்தப் பாய்ச்சல் அரசன் கைக்கொண்ட நாட்டின் வளத்துக்கு ஓர் அடையாளம். பாய்கிறவர்கள் எல்லாரும் பாயக்கூடிய வயதில் இருக்கிறார்கள்.

இதற்கு எதிரே 243ஆம் பாடலை வையுங்கள். பாடியவரின் பெயரே தொடித்தலை விழுத்தண்டினார். பூண்கட்டிய தடியை ஊன்றிய கிழவர். இளமையில் மருத மரக் கிளையில் ஏறி, ஆழமான நீரில் குதித்து, அடியிலிருந்து மண் எடுத்துக்காட்டிய நாட்களை நினைக்கிறார். இப்போது நடுக்கம், இருமல், இருமலுக்கு இடையில் சில சொற்கள். தமிழில் முதுமையைப் பற்றி இதைவிட உண்மையான பாட்டு எனக்குத் தெரியாது. அதிலேயும் தண்ணீரில் பாயும் ஓர் இளம் உடல் இருக்கிறது, ஆனால் அந்தப் பாய்ச்சல் விளையாட்டு. கிழவர் இப்போது வேலையிலும் இல்லை. தடியோடு ஓரிடத்தில் இருந்து நினைத்துப்பார்க்கும் அவகாசம் அவருக்கு இருக்கிறது.

24இல் வேலையும் வெயிலும் உண்டு, வயது இல்லை. 243இல் வயது உண்டு, வேலையும் வெயிலும் இல்லை. 24இல் கடலில் பாய்ந்த அரிவுகாரர் அறுபது வயதில் என்ன ஆனார்கள் என்ற பாட்டை நாம் பெற்றிருக்கவில்லை. அவர்களில் எத்தனை பேர் அப்போதும் அரிந்துகொண்டிருந்தார்கள்?

அறநூல்களுக்கு வந்தால், திருக்குறளின் உழவு அதிகாரம் உழவை வருத்தம் தரும் தொழில் என்று ஒத்துக்கொண்டே அதை எல்லாவற்றுக்கும் தலையாக வைக்கிறது. அந்த நேர்மை பெரியது. அதிகாரத்தின் கடைசிக் குறளில் நிலம் ஒரு பெண்ணாகி, வறுமை என்று சொல்லிச் சோம்பி இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். சோம்பேறியைப் பார்த்துச் சிரிக்கட்டும். ஐம்பது வருடம் அவளோடு மாரடித்துவிட்டு, இன்று முழங்கால் மடங்காமல் வாடிக்குள் சாய்ந்திருப்பவனைக் கண்டால் அந்த நல்லாள் என்ன செய்வாள்? குறள் அந்த ஆளைச் சந்திக்கவில்லை. கம்பர் பெயரில் வழங்கும் ஏரெழுபது ஏரையும் நுகத்தையும் கொழுவையும் தனித்தனியே போற்றுகிறது. கருவிகள் தேய்வது தச்சனுக்கும் கொல்லனுக்கும் தெரியும். கருவியைப் பிடித்த கை தேய்வதைச் சொல்லும் செய்யுள் அங்கே என் கண்ணில் படவில்லை.

நமது சொந்தக் காப்பியமான சீறாப்புராணத்திலும் இதே பிரிவினை தொடர்கிறது. உமறுப்புலவர் விலாதத்துக் காண்டத்து நாட்டுப்படலத்தில் அரபு நாட்டை மழையும் ஆறும் வயலுமாக, ஒரு தமிழ் மருதமாகவே காட்டுகிறார் என்பது நாம் அறிந்த விஷயம். அதே காண்டத்தில் சுரத்திற் புனலழைத்த படலமும் இருக்கிறது. ஷாம் தேசத்துக்குப் போகும் வணிகக் கூட்டம் பாலையில் வெந்து, தாகத்தில் வாடி நிற்கிறது. பெருமானாரின் (ஸல்) பொருட்டால் நீர் கிடைக்கிறது. வெயிலை இவ்வளவு நெருங்கி எழுதிய இஸ்லாமியத் தமிழ்ப் பகுதிகள் அதிகமில்லை. ஆனால் வெயில் சுரத்திலும், உழவு மருதத்திலுமாகப் பிரிந்தே கிடக்கின்றன. உமறு, தான் கற்ற மரபுக்கு விசுவாசமாக இருந்தார். வயலில் வெயில் இல்லை, வெயிலில் வயல் இல்லை.

கிழக்கின் நாட்டார் கவிகள் பரவாயில்லை. நான் உம்மம்மாவின் வாயிலிருந்து கேட்டு வளர்ந்த கவிகளில் வட்டைக்குப் போய் நாட்கணக்கில் தங்கும் மச்சானின் உடம்பைப் பற்றிய கவலை உண்டு. வெயிலில் கறுப்பார், பசியில் வாடுவார் என்று ஒருத்தி ஏங்குவாள். அரச சபையும் காப்பியமும் பார்க்காத இடத்தைக் கவி பார்த்துவிட்டது. இருந்தாலும் அது காதல் கவி. மச்சானுக்கும் மச்சிக்கும் வயது இருபதுக்கு மேலே போவதில்லை. அந்தக் கவியைப் பாடிய உம்மம்மாவுக்கு அப்போது எழுபது இருக்கும். காவோலை போன்ற கையால் நெல்லைத் துழாவிக்கொண்டே அவர் அதைப் பாடினார்.

இருபதாம் நூற்றாண்டில் தொழிலாளி கவிதையின் நடுவுக்கு வந்தான். முற்போக்கு இலக்கியம் நமக்குச் செய்த பெரிய கொடை அது. போடியாரின் பெயரால் அழைக்கப்பட்ட வயலை வெட்டியவனின் பெயரால் அழைக்கலாம் என்று நமக்குச் சொல்லித்தந்தது அந்த இலக்கியம். ஆனால் அந்தக் கவிதைகளில் உழைப்பாளி பெரும்பாலும் திரண்ட தோளும் நிமிர்ந்த நெஞ்சுமாக நிற்கிறான். சூரியன் அவனுக்கு எதிரியாக வருவதைவிடச் சின்னமாக வருவதே அதிகம். புரட்சிக்கு இளம் உடல் தேவைப்பட்டது போலும்.

மஹாகவி இந்தக் கூட்டத்தில் வேறானவர். அவருடைய உழவனிடம் கோஷம் கிடையாது, வேலை இருக்கிறது. அதனாலேதான் அந்தக் கவிதை நிலைத்தது. ஆனால் பையனின் கேள்வியோடு அதைத் திரும்ப வாசித்தபோது, அதுவரை நான் பாராட்டிப் படிப்பித்த ‘மீண்டும்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். மீண்டும் தொடங்குகிறவன், முதல் தரம் தொடங்கிய அதே ஆள் அல்லன். ஒரு போகம் கூடியிருக்கிறது. நாரி கொஞ்சம் வளைந்திருக்கிறது. போன தடவை ஒரு நாளில் பிளந்த பாறைக்கு இந்தத் தடவை இரண்டு நாள் வேண்டும். வெள்ளம் திரும்பத் திரும்ப வரலாம், பாறை திரும்பத் திரும்ப இருக்கலாம், உடம்பு திரும்புவதில்லை. கவிதை இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று கட்டாயமுமில்லை. 1927இல் பிறந்த மஹாகவி 1971இல் காலமானார். நாற்பத்து நான்கு வயது. முதுமை எப்படி இருக்கும் என்று பார்க்க அவருக்கு ஆயுள் இருக்கவில்லை. நான் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டேன். அவர் விட்ட இடத்தில் இருந்து வாசிப்பது நம்முடைய பொறுப்பு.

பிறமொழியில் இதற்குப் பதில் இருக்கிறதா என்று கேட்பீர்கள். ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ உடனே நினைவுக்கு வரும். அங்கே முதுமையும் வெயிலும் கடும் உழைப்பும் சந்தியாகோ என்ற ஒரே உடலில் இருக்கின்றன. கடலில் தெறிக்கும் வெயில் அவனுடைய கன்னத்தில் விட்ட புள்ளிகளைக்கூட எழுத்தாளர் கண்டிருக்கிறார். நான் தேடுவதற்கு மிகக் கிட்ட வருகிற நூல் அது. ஆனாலும் கதை முழுவதும் கிழவனின் தோல்வியுறாத மனதைத்தான் நமக்குக் காட்ட விரும்புகிறது. மஹாகவியின் மிடுக்கேதான் அது, வேறு கடற்கரையில்.

மிடுக்கைப் பாடுவதில் என்ன குறை என்று கேட்கலாம். அதற்கு முன்னர், முதிய உடம்பு வெயிலில் என்ன செய்கிறது என்று சற்றுப் பார்க்க வேண்டும். இளம் உடம்பு வியர்த்துக் குளிர்கிறது. வயது போகப் போக வியர்வை குறைகிறது, தோலுக்கு இரத்தம் போவது குறைகிறது, உள்ளே ஏறிய சூடு வெளியேறத் தாமதிக்கிறது. இதைவிட ஆபத்தான ஒன்று: தாகம் குறைகிறது. உடம்புக்குத் தண்ணீர் தேவை, ஆனால் விடாய் தெரிவதில்லை. பிரஷருக்குக் கொடுக்கும் சில குளிசைகள் இருக்கிற நீரையும் வெளியேற்றிவிடும். வயலில் கிழவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினால் “விடாய்க்கல்ல மகன், நீ குடி” என்பார்கள். பெருந்தன்மை என்று நாம் நினைப்போம். அவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அந்த உண்மைதான் அவர்களை விழுத்துகிறது.

இலக்கிய மாணவனுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பாலைத்திணை முதல் சீறா வரை வெயிலின் துன்பத்தைச் சொல்ல நம் புலவர்கள் பயன்படுத்திய முதன்மையான குறி தாகம். முதியவனின் வெயிலில் அந்தக் குறி வேலை செய்யாது. தாகமில்லாத வெயிலை எழுத வேறொரு மொழி தேவை. அதை நாம் இன்னும் உண்டாக்கவில்லை.

இப்போது வெட்டு மெசின் வந்துவிட்டதே, இந்தக் கவலை எதற்கு என்பாரும் உண்டு. தாக்கத்தி பிடித்து உப்பட்டி போட்ட காலம் போனது உண்மை. மெசின் வெட்டிய நெல்லில் ஈரம் கூட. அதைக் காயவைக்க வேண்டும். தார் றோட்டில் பரத்தி, ஒரு மணிக்கொரு தரம் காலால் துழாவி, மாலையில் கூட்டி அள்ளி மூட்டை கட்ட வேண்டும். மேலே வெயில், கீழே தார். நெல் காய உச்சிவெயில்தான் வேண்டும் என்பதால், நிழலில் ஒதுங்குவதற்கான நேரமே இந்த வேலைக்கு உகந்த நேரமாகிறது. இளைஞர்கள் மத்திய கிழக்குக்கோ கொழும்புக்கோ போய்விட்டார்கள். றோட்டில் நெல்லோடு நிற்பவர்களை அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது பாருங்கள். பெரும்பாலும் மூத்தாப்பாமாரும் மூத்தும்மாமாரும்தான்.

இவ்வளவையும் எழுதிவிட்டு என்னுடைய கணக்கை மறைத்தால் அது நேர்மையாகாது. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நானும் கவிதை எழுதினேன். வாப்பா வெயிலில் வேளாண்மை வெட்டுவதைப் பற்றி ஒன்று எழுதினேன். சூரியன் தோற்றுப்போகிறது, வாப்பா வெல்லுகிறார். மண்டபத்தில் கைதட்டினார்கள். ஊருக்கு வந்து வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டார். “நல்லாத்தான் இருக்கு மகன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நீ சொல்ற அண்டைக்கு எனக்குக் காய்ச்சல்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தக் காய்ச்சலை நான் பார்க்கவில்லை. என் கவிதைக்கு அது தேவைப்பட்டிருக்கவுமில்லை.

அது சின்ன விஷயம். பெரியது 2012இல் நடந்தது. அந்த வருடம் நோன்பு ஜூலை கடைசியிலும் ஓகஸ்ட்டிலும், சரியாகச் சிறுபோக வெட்டு நாட்களில் வந்தது. வாப்பாவுக்கு அறுபத்து நான்கு வயது. வேலைக்குப் போக வேண்டாம் என்று சொன்னேன். போனார். நோன்போடு போனார். லுஹருக்கு முன்னரே கண் இருட்டி வரம்பில் சரிந்துவிட்டார். வாய்க்கால் ஓரத்து மருதை மரத்துக்குக் கீழே கிடத்தி, லேஞ்சியை நனைத்து முகத்தில் போட்டிருக்கிறார்கள். “நோன்ப விடுங்க காக்கா, பொறகு களாச் செய்யலாம்” என்று எல்லாரும் கெஞ்சியும் அவர் தண்ணீரைத் தொடவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கிடந்தார். என் கையால் வாயில் ஊற்றிய தண்ணீரை விழுங்கிவிட்டு அழுதார். வாப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து உயிரோடு வந்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தக் கதையை வீட்டில் எவரும் எடுக்கக்கூடாது. அவமானம்.

எதற்கு அவமானம்? மார்க்கம் அவரை அவமானப்படுத்தவில்லை. நோயாளிக்கும் பிரயாணிக்கும் நோன்பைப் பிற்போடவும், தாங்க முடியாத சிரமத்தில் இருப்பவர் அதற்குப் பதிலாக ஏழைக்கு உணவளிக்கவும் அல்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயமே வழி சொல்கிறது. நமது ஃபிக்ஹு நூல்களில் அஸீமத், ருக்ஸத் என்ற இரண்டு சொற்கள் உண்டு. உறுதியாக நிற்க வேண்டிய கட்டளை அஸீமத். இயலாத நிலையில் தரப்பட்ட சலுகை ருக்ஸத். தன் சலுகைகளை அடியார்கள் ஏற்றுக்கொள்வதை அல்லாஹ் விரும்புகிறான் என்ற கருத்தில் ஹதீஸும் இருக்கிறது. வாப்பா இதையெல்லாம் ஜும்ஆவில் கேட்டிருக்கிறார். ஆனால் அவர் கேட்ட கதை, பாட்டு, புகழ்ச்சி எல்லாம் அஸீமத்தின் பக்கமே நின்றன. விழாதவனைத்தான் ஆம்பிளை என்றார்கள். என் கவிதையும் அதைத்தான் சொன்னது.

என் வாதம் இங்கே வந்து சேர்கிறது. நம்முடைய உழைப்பு இலக்கியம் அஸீமத்தின் இலக்கியம். மிடுக்கு என்பது அதற்குத் தமிழ்ப் பெயர். ருக்ஸத்தின் இலக்கியம் நம்மிடம் இல்லை. வெறும் புகழ்ச்சி யாருக்கும் தீங்கு செய்யாது என்று நாம் நினைக்கிறோம். ஒரே மாதிரியான புகழ்ச்சியைத் திரும்பத் திரும்பக் கேட்டவன், தன் உடம்பு தளரும்போது அதைக் குற்றமாக எடுத்துக்கொள்கிறான்.

ருக்ஸத்தை இலக்கியமாக எழுத ஏலுமா? ஏலும் என்பதற்கு நம்மிடமே மாதிரி இருக்கிறது. ஸஹீஹுல் புகாரியில் அபூதர் (ரழி) அறிவிக்கும் ஒரு பிரயாணச் சம்பவம். கடும் வெப்பம். முஅத்தின் லுஹருக்கு அதான் சொல்ல எழும்புகிறார். கொஞ்சம் குளிரட்டும் என்கிறார்கள் நபியவர்கள் (ஸல்). அவர் மறுபடி எழும்புகிறார். மறுபடியும் குளிரட்டும் என்ற அதே பதில். மணல் மேடுகளின் நிழல் கண்ணுக்குத் தெரியும் வரை காத்திருக்கிறார்கள். ஒரு கூட்டம் முழுவதும், தொழுகைக்குக்கூட அவசரப்படாமல், நிழல் நீளுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நண்பகலைப் பற்றி நான் வாசித்த காட்சிகளில் மிகச் சிறந்தவற்றில் ஒன்றாக இதைச் சொல்வேன். அங்கே வெயிலை யாரும் வெல்லவில்லை. வெயில் இருக்கிறது என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். தொழுகைக்கே காத்திருக்க இடம் உண்டு என்றால் நெல்லுக்கு எத்தனை மணிநேரம் காத்திருக்கலாம்?

மறுப்பொன்று எனக்கே தோன்றுகிறது. முதியவர்களுக்கு நம் இரக்கம் வேண்டியதில்லை, வேலைதான் அவர்களுடைய மரியாதை. நாள்கூலியில் சீவிப்பவனிடம் ருக்ஸத்தைப் பற்றிக் கதைப்பது ஓய்வூதியம் பெறப் போகிறவனின் சொகுசு. இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. அறுபது வயதில் எனக்கு ஓய்வு தேதி எழுதியே கிடக்கிறது. வாப்பாவுக்கு அப்படியொரு தேதியை எவரும் எழுதவில்லை. விவசாயிகளுக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு ஓய்வூதியத் திட்டம் உண்டு, ஆனால் அது பதிந்து தவணை கட்டியவர்களுக்கு. 2024 தொடக்கத்தில் வெப்பம் கூடியபோது, பிள்ளைகளை வெயிலில் விளையாட்டுப் பயிற்சிக்கு விட வேண்டாம் என்று பாடசாலைகளுக்கு அறிவித்தல் வந்தது. நல்ல காரியம். பிள்ளைகளை நிழலுக்குள் எடுத்துவிட்டு ஜன்னலால் பார்த்தேன், எதிரே றோட்டில் இரண்டு கிழவர்கள் நெல் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

இரக்கம் கேட்டு நான் எழுதவில்லை. கூலியும் ஓய்வூதியமும் இலக்கியத்தால் வந்துவிடாது என்பதும் தெரியும். ஒரு சொல்லுக்கு இடம் கேட்கிறேன். எங்கட பேச்சில் ‘ஏலா’ என்று ஒரு சொல் உண்டு. இயலாது என்பதன் மருவிய உருவம். மருத மரத்தடியில் கிடந்தபோது வாப்பா சொல்லியிருக்க வேண்டிய, சொல்ல வெட்கப்பட்ட சொல் அது. நம் கவிதைகளில் கதாநாயகன் இந்தச் சொல்லைச் சொல்வதில்லை. சொன்னால் அவன் சோம்பேறியாகவோ கோழையாகவோ ஆகிவிடுகிறான். உழைத்துத் தீர்ந்தவன் தலைகுனியாமல் “ஏலா” என்று சொல்லும் ஒரு தமிழ்க் கவிதையை நான் வாசிக்க ஆசைப்படுகிறேன்.

நம்மிடையே நாட்டார் கவி சேகரிக்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். காதல் கவியையும் தாலாட்டையும் பதிவு செய்வதோடு, இந்த வருடச் சிறுபோகத்தில் றோட்டோரம் நிற்கிற முதியவர்களின் பேச்சையும் பதிவு செய்யுங்கள். எந்த நேரத்தில் தலை சுற்றும், எந்த மரத்தின் நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழும், எந்த வயதில் எந்த வேலையைக் கைவிட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எழுதப்படாத அந்த நண்பகலுக்கு அகராதி அவர்கள் வாயில் இருக்கிறது.

‘மீண்டும் தொடங்கும் மிடுக்கை’ அடுத்த வருடமும் படிப்பிப்பேன். அது நல்ல கவிதை. ஆனால் இனி அந்தக் கேள்வியைப் பின்வரிசைப் பிள்ளை கேட்கும் வரை நான் காத்திருக்கப் போவதில்லை. கவிதையை வாசித்து முடித்ததும் நானே வகுப்பைக் கேட்பேன்: அந்த ஆளுக்கு என்ன வயது?